அறிவியல் மாணவர்கள் நூலக மேசையில் கேட்கும் கேள்விகள்: புத்தகம், ஆய்வுக் கட்டுரை, வேலை

தமிழ்நாட்டில் ஒரு அரசுப் பல்கலைக்கழக நூலகத்தில் குறிப்புதவி மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் எம்.எஸ்சி. வேதியியல் படித்தேன். வருஷா வருஷம் ஜூலையில் ஒரு கூட்டம் வரும், அவர்கள் கேட்பதெல்லாம் போன வருஷம் வந்தவர்கள் கேட்டதேதான், அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். "இந்தப் புத்தகம் எங்கே இருக்கு சார்" என்று தொடங்குகிறவர்கள் பத்து நிமிஷத்தில் "வேலை எங்கே சார் கிடைக்கும்" என்பதில் வந்து நிற்பார்கள். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

கணினியில் தேடினால் புத்தகம் இருக்கிறது என்று காட்டுகிறது, அலமாரியில் காணோமே?

பாதிப் பேர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். தலைப்புக்குக் கீழே ஒரு எண் இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். எங்களைப் போலப் பெரும்பாலான நூலகங்களில் பாடவாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் ட்யூயி முறைதான்: 510 கணிதம், 530 இயற்பியல், 540 வேதியியல், 570 உயிரியல். புள்ளி வந்தால் இன்னும் உள்ளே போகிறது என்று அர்த்தம். 530.12 என்றால் குவாண்டம் இயக்கவியல், 519.5 என்றால் புள்ளியியல், கரிம வேதியியலுக்கு 547. எண்ணுக்குக் கீழே உள்ள மூன்று எழுத்து ஆசிரியர் பெயரின் தொடக்கம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உயிரியலுக்கு ட்யூயியின் பழைய பதிப்புகளில் 574 என்று எண் இருந்தது, 1996இல் வந்த 21ஆம் பதிப்பில்தான் அந்தப் பகுதியையே மாற்றி அமைத்தார்கள். பழைய புத்தகங்களின் முதுகில் ஒட்டிய தாளை யாரும் மாற்றுவதில்லை. ஆகவே ஒரே விஷயத்துக்கான பழைய புத்தகம் ஒரு அலமாரியிலும் புதியது வேறொன்றிலும் இருக்கும். நிறமாலையியல் புத்தகங்களும் அப்படித்தான், சிலது இயற்பியலில் 535இல் கிடக்கும், சிலது பகுப்பாய்வு வேதியியல் என்று 543க்குப் போயிருக்கும். இரண்டு இடத்திலும் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் மேசை மேலேயே யாராவது விட்டுப் போயிருப்பார்கள், எங்களைக் கேளுங்கள், தேடித் தருகிறோம்.

பழைய பதிப்புதான் இருக்கிறது. படிக்கலாமா?

வெப்ப இயக்கவியல், நுண்கணிதம், மின்காந்தவியல் என்றால் தாராளமாக. மூலக்கூறு உயிரியல், மரபியல் என்றால் வேண்டாம், பத்து வருஷப் பழைய புத்தகமே சில அத்தியாயங்களில் தப்பாக வழிகாட்டும்.

ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் முப்பது, நாற்பது டாலர் கேட்கிறதே?

கட்டாதீர்கள். முதலில் நீங்கள் எங்கே படிக்கிறீர்கள் என்று பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி, மத்திய ஆய்வு நிறுவனம் என்றால் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் உங்கள் நிறுவனம் இருக்க வாய்ப்பு அதிகம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து 2025 ஜனவரி 1 முதல் நடக்கிறது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி எல்லாம் இதில் அடக்கம். முன்பெல்லாம் பணம் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என்று இருந்தது. இப்போது ஒரு மாவட்டத்து அரசுக் கல்லூரி மாணவியும் ஐஐடி மாணவரும் அதே இதழைத் திறக்க முடியும், ஆனால் நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

வளாகத்து இணையத்தில் இருந்தால் நேரடியாகத் திறக்கும். விடுதியிலோ வீட்டிலோ இருந்தால் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையத்தின் இன்ஃபெட் என்ற உள்நுழைவு வழியாக உள்ளே போக வேண்டும், அதற்கான பயனர் பெயரை உங்கள் நூலகர்தான் உருவாக்கித் தருவார். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

சுயநிதிக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு இந்தத் திட்டம் இன்னும் வரவில்லை, அது நியாயமில்லை என்பது என் கருத்து. கல்லூரிகளுக்கு மின்னூல் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், மின்னூல்களாவது கிடைக்கும். இயற்பியலும் கணிதமும் படிப்பவர்களுக்கு 1991 முதல் நடக்கும் ஆர்க்சைவ் என்ற இலவசக் கட்டுரைத் தளம் இருக்கவே இருக்கிறது. உயிரியல், மருத்துவம் பக்கம் என்றால் அதேபோல் இலவசமான பப்மெட் சென்ட்ரல். கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டு 'எல்லாப் பதிப்புகளும்' என்பதைத் தட்டினால் பல நேரம் ஆசிரியரே தன் பக்கத்தில் போட்டுவைத்த பிரதி வந்து நிற்கும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். யாராவது தன் கட்டுரையைப் படிக்கக் கேட்டால் எந்த விஞ்ஞானிக்கும் சந்தோஷம்தான்.

பிஎச்.டி.க்கு கைடு எப்படித் தேர்ந்தெடுப்பது? நூலகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஷோத்கங்கா என்று ஒன்று இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை இன்ஃபிளிப்நெட் சேர்த்து வைத்திருக்கும் இடம், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த விதிமுறைதான் இதற்கு அடிப்படை. நம் பிள்ளைகள் இதை எதற்குத் திறக்கிறார்கள் என்றால், தங்கள் ஆய்வுத் தலைப்பில் ஏற்கெனவே யாராவது எழுதிவிட்டார்களா என்று பார்த்து மூடிவிடுவதற்கு. அது வீண்.

நீங்கள் சேர நினைக்கும் பேராசிரியரின் பெயரை வழிகாட்டி என்ற இடத்தில் போட்டுத் தேடுங்கள். அவரிடம் படித்து முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் தலைப்புப் பக்கம், சான்றிதழ், நன்றியுரை, அத்தியாயங்கள் என்று பெரும்பாலும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். நேராக நன்றியுரையைத் திறங்கள். "எக்ஸ்ஆர்டி எடுத்துக் கொடுத்த" இன்ன நிறுவனத்துக்கு நன்றி, "என்எம்ஆர் உதவிக்கு" இன்னொரு ஊருக்கு நன்றி என்று எழுதியிருந்தால், மாதிரியின் அமைப்பைக் கண்டறியும் அந்தக் கருவிகள் அவர் துறையில் இல்லை, நீங்களும் மாதிரியை டப்பாவில் போட்டுக்கொண்டு ரயில் ஏற வேண்டியிருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். எந்த உதவித்தொகையில் படித்தார் என்பதும் அங்கேயே இருக்கும். பிறகு பதிவு செய்த வருஷத்தையும் சமர்ப்பித்த வருஷத்தையும் பாருங்கள். அவரிடம் சேர்ந்த நான்கு பேருக்கும் ஏழு, எட்டு வருஷம் ஆகியிருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும், சேருவதற்கு முன்னால் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம் அந்த மாணவர்களின் பெயரை லிங்க்ட்இன்னிலோ கூகுளிலோ தேடுங்கள். ஒருவர் கொரியாவில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு), ஒருவர் மருந்து நிறுவனத்தில், ஒருவர் கல்லூரி ஆசிரியர் என்று தெரியவரும். அவரிடம் படித்தால் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான பதில் எந்த வழிகாட்டுதல் முகாமிலும் கிடைக்காது.

மூன்றே நாளில் கட்டுரை வெளியிடுகிறோம், 2,000 ரூபாய்தான் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. போடலாமா?

போடாதீர்கள். நான் எம்.எஸ்சி. படிக்கும்போது அப்படி ஒன்றில் போட்டவன், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். பெயரில் 'சர்வதேச' என்று இருந்தது, அழகாகச் சான்றிதழ் வந்தது, சட்டம் போட்டு வீட்டில் மாட்டினோம். இரண்டு வருஷம் கழித்து நேர்முகத் தேர்வில் அந்த இதழைத் திறந்து காட்டச் சொன்னார்கள், இணையதளமே இல்லை. கட்டுரையும் போச்சு, அதே முடிவுகளை வேறு இடத்தில் வெளியிடும் வாய்ப்பும் போச்சு.

இதழ் நல்லதா என்று பார்க்க முன்பு யுஜிசி-கேர் என்ற தரமான இதழ்களின் பட்டியல் இருந்தது, 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டுவிட்டதாக யுஜிசியே அறிவித்துவிட்டது. இன்னமும் 'கேர் பட்டியலில் உள்ள இதழ்' என்று விளம்பரம் செய்கிறவர்களைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். எல்சவியரின் இதழ்த் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருக்கிறது என்று இதழ் சொன்னால் இதழின் பக்கத்தில் பார்க்காதீர்கள், ஸ்கோபஸின் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அது இலவசம். ஒரே எழுத்து வித்தியாசத்தில் போலி இதழ் நடத்துகிறவர்கள் இருப்பதால் ஒவ்வொரு இதழுக்கும் தனியாக உள்ள ஐஎஸ்எஸ்என் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

திருட்டு எழுத்துச் சோதனையில் எத்தனை சதவீதம் வரலாம்?

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை ஒரு நிலை, 60 வரை அடுத்தது, அதற்கு மேல் போனால் ஆய்வாளர் பதிவே ரத்தாகலாம். ஆனால் சதவீதத்தைக் குறைப்பதற்காக வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டு, 'உறிஞ்சுதல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'குடித்தல்' என்பதுபோல ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்ல? மென்பொருளிடம் தப்பிக்கலாம், தேர்வாளரிடம் முடியாது.

சாட்ஜிபிடி கொடுத்த மேற்கோள் பட்டியல் இது. இந்தக் கட்டுரைகளை எடுத்துத் தர முடியுமா?

போன பருவத்தில் ஒரு மாணவர் பன்னிரண்டு கட்டுரைகளின் பட்டியலோடு வந்தார். ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதம். அரை மணி நேரம் இரண்டு பேரும் தேடினோம். ஏழு கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. இதழ் உண்டு, தொகுதியும் உண்டு, அந்தப் பக்கத்தில் இருந்தது தவளையைப் பற்றி, இவர் கேட்டது சூரிய மின்கலத்தைப் பற்றி. ஒரு விஷயத்தைப் புரிய வைக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. மேற்கோள் மட்டும் கேட்காதீர்கள்.

மேற்கோள்களை ஒழுங்குபடுத்த எளிய வழி?

ஸொட்டேரோ என்ற மென்பொருள். இலவசம். ஆய்வேடு எழுதத் தொடங்கும்போது நிறுவினால் பிரயோஜனம் கம்மி, முதல் கட்டுரை படிக்கும் அன்றே நிறுவிவிடுங்கள்.

நெட், கேட், ஜாம்... எதற்கு எது? எதை முதலில் எழுதுவது?

ஜாம் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு. ஐஐடிகளிலும் ஐஐஎஸ்சியிலும் எம்.எஸ்சி. சேர உதவும். இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், பொருளாதாரம் என்று ஏழு தாள்கள். பிப்ரவரியில் தேர்வு என்றால் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும், நவம்பரில் வந்து கேட்கிறவர்கள்தான் அதிகம். கேட் எம்.டெக்., பிஎச்.டி. சேர உதவும், மதிப்பெண் மூன்று வருஷத்துக்குச் செல்லும், பொறியியல்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் எழுதாமல் விடுகிறார்கள்.

சிஎஸ்ஐஆர் நெட் ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும், வருஷத்துக்கு இரண்டு முறை. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. மொத்தம் 200 மதிப்பெண். அ பகுதி எல்லாப் பாடத்துக்கும் பொது, 20 கேள்வியில் 15 எழுதினால் போதும், 30 மதிப்பெண். எல்லோரும் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள், பள்ளிக்கூடக் கணக்கும் வரைபடமும்தான், இரண்டு மாதம் தினம் அரை மணி நேரம் போட்டால் 20க்கு மேல் எடுத்துவிடலாம்.

இ பகுதியில்தான் விஷயம். உயிரியலில் 75 கேள்வி கொடுத்து 25க்குப் பதில் எழுதச் சொல்வார்கள், வேதியியலில் 60க்கு 25. அதாவது உயிரியலில் மூன்றில் இரண்டு பங்கையும் வேதியியலில் பாதிக்கு மேலும் விட்டுவிடலாம். எதை விடுவது என்று தெரிவதுதான் இங்கே படிப்பு. முழுப் பாடத்திட்டத்தையும் மேலோட்டமாக ஓட்டுவதைவிட நான்கைந்து அலகுகளை எலும்பு வரை படித்தவர்கள் தேறுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கணிதத்தில் இ பகுதிக்குத் தப்பான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம், அத்தனையும் குறித்தால்தான் மதிப்பெண்.

எங்கள் நூலகத்தில் வழிகாட்டி நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. கேள்விகளுக்காக எடுங்கள், விடைகளை நம்பாதீர்கள். ஜாம், கேட் தளங்களில் பழைய வினாத்தாளும் அதிகாரப்பூர்வ விடைக் குறிப்பும் இலவசமாகவே இருக்கின்றன.

பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. என்ன செய்வது?

எனக்கும் வந்தது. நான் செய்ததைச் சொல்கிறேன். அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள். முதலில் படங்கள், படத்துக்குக் கீழே உள்ள வரிகள், அப்புறம் தீர்த்துக் காட்டிய கணக்குகள், கடைசியில் உரை. அறிவியல் ஆங்கிலத்தில் ஒரு பாடத்துக்கு முந்நூறு, நானூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும், ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினால் அடங்கிவிடும்.

1960களிலும் 70களிலும் தமிழ் வெளியீட்டுக் கழகமும் பிறகு தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழிலேயே அறிவியல் நூல்களை அச்சிட்டன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றில் பலவற்றைப் படிக்கலாம். தகவல் பழையது, ஆனால் ஒரு கருத்தை முதல் முறை தாய்மொழியில் புரிந்துகொண்டு பிறகு ஆங்கிலப் புத்தகத்துக்குப் போனால் வேகம் கூடும்.

இன்னொன்று, தமிழ் வழியில் படித்ததை மறைக்காதீர்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டப்படி இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ் வழி என்று சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழைப் பள்ளியில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பத்தின் கடைசி நாளில் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார்.

கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் வேலை பழக வாய்ப்பு உண்டா?

உண்டு. மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இரண்டு மாதம், அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அது இல்லாமலும் நம் ஊரிலேயே எத்தனை இடம்! அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்.

மின்னஞ்சல் எழுதும் விதத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். "தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணிபுரிய மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்" என்று ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு, நாற்பது முகவரியும் தெரியும்படி அனுப்பிய ஒரு பையனை எனக்குத் தெரியும். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரே ஒரு விஞ்ஞானியின் இரண்டு கட்டுரைகளை எடுத்துப் படித்தோம். அரிப்பைத் தடுக்கும் பூச்சு பற்றியது. "உங்கள் கட்டுரையில் உப்புநீரில் சோதித்திருக்கிறீர்கள், அமிலத்தில் இந்தப் பூச்சு தாங்குமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன், எங்கள் ஆய்வகத்தில் இன்னின்ன செய்யக் கற்றிருக்கிறேன், மே, ஜூன் எனக்கு விடுமுறை" என்று ஆறே வரி. நான்காவது நாள் பதில் வந்தது.

ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன், வேலை வேண்டும்.

சரி, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. மருந்து நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, உணவுப் பரிசோதனைக் கூடங்கள், நீர் பரிசோதனை, வண்ணப்பூச்சு, சாயம் என்று ஆட்களை எடுக்கிறார்கள். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், ஷிஃப்டும் இருக்கும், இரண்டு வருஷம் கருவியில் கை பழகினால் மாறிக்கொண்டே மேலே போகலாம்.

நேர்முகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் நூலகத்துக்கு வந்து இந்திய மருந்தியல் நூலைக் கேளுங்கள், இந்தியன் பார்மகோபியா என்றால் எடுத்துக் கொடுப்போம். பெரிய பெரிய தொகுதிகள், வீட்டுக்குத் தர மாட்டோம். அதில் பாராசிட்டமால் பக்கத்தைத் திறந்து முழுசாகப் படியுங்கள்: எப்படி அடையாளம் காண்பது, என்னென்ன மாசு எவ்வளவு இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எப்படி அளப்பது. கலவையைப் பிரித்து அளக்கும் கருவியான ஹெச்பிஎல்சியில் மொபைல் ஃபேஸ் என்றால் என்ன, ரிடென்ஷன் டைம் ஏன் நகர்கிறது என்று கேட்பார்கள். கல்லூரியில் ஹெச்பிஎல்சியைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மட்டும் பார்த்தவர்கள்கூட அந்த ஒரு பக்கத்தைப் புரிந்துகொண்டு போனால் பதில் சொல்லிவிடலாம்.

ஆசிரியர் வேலை என்றால் பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் என்று அது தனிப் பாதை.

நீங்கள் வேதியியல் படித்துவிட்டு ஏன் நூலகத்தில்?

இதையும் வாரம் ஒருவர் கேட்கிறார். நூலக அறிவியல் பட்டம் படித்தால் அறிவியல்காரர்களும் வரலாம். இந்தத் துறையின் பெரியவரே அப்படி வந்தவர்தான். சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். வந்த சில நாளிலேயே சலித்துப்போய்ப் பழைய வேலைக்கே திரும்பிவிடப் பார்த்தார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார், சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்து எதை வேண்டுமானாலும் கட்டலாம். புத்தகங்களையும் அப்படி வகைப்படுத்தினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் 1933இல் வெளிவந்த கோலன் முறை. நாங்கள் இன்னும் ட்யூயியைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு கதை.

படிப்பு முடிந்த பிறகும் நூலகத்தைப் பயன்படுத்தலாமா?

முன்னாள் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்தால் உள்ளே உட்கார்ந்து படிக்கப் பல பல்கலைக்கழகங்கள் விடுகின்றன, எங்களுடையதும் அப்படித்தான். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. எழும்பூர் கன்னிமாரா இருக்கிறது. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

போவதற்கு முன் நூலகத்துக்குப் பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்றை வாங்கிக்கொண்டு போங்கள், முன்பணமும் திரும்ப வரும். போன மாதம் ஒருவர் வெளிநாட்டுப் படிப்புக்கு விசா நேர்காணல் முந்தின நாள் மாற்றுச் சான்றிதழுக்காக ஓடி வந்தார். அவர் பெயரில் ஒரு 547, அதாவது கரிம வேதியியல் புத்தகம், நின்றது. நண்பனுக்குக் கொடுத்திருக்கிறார், நண்பன் இப்போது ஓசூரில். பேருந்து நடத்துநர் கையில் கொடுத்தனுப்பி ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது.